147, 148

அன்புள்ள ஐயா,

தென்காசிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பிளஸ் டூவில் 38 பிள்ளைகள், எல்லாரும் தமிழ்வழி. பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். போன வருடம் வெளியூரிலிருந்து ஒருவர் வந்து ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. படிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். திரையில் சம்பளத் தொகைகளாகவே காட்டினார். பிள்ளைகள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் போன பிறகு ஒருத்தி மட்டும் என்னிடம் வந்து, "டீச்சர், ஆடிட்டர்னா என்ன வேலை செய்வாங்க?" என்றாள். எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இந்த வருடம் நானே அறிமுகப்படுத்தலாம் என்றிருக்கிறேன். எங்கே தொடங்குவது? இவ்வளவு பேர் தோற்கிற ஒரு தேர்வுக்கு இந்தப் பிள்ளைகளை அனுப்புவது சரிதானா என்ற பயமும் இருக்கிறது.

பெயர் வெளியிட வேண்டாம்,
ஒரு வணிகவியல் ஆசிரியை

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பெண் கேட்டதிலிருந்தே தொடங்குங்கள். நம் ஊர்களில் ஆடிட்டர் என்றால் வரியைக் குறைத்துக் கொடுப்பவர் என்றுதான் நினைப்பு. அவர் நாள் முழுக்க என்ன பார்க்கிறார் என்பதைப் பிள்ளைகள் ஒருமுறை கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அதற்குத் திரை வேண்டாம், ஒரு பிரிவேளை போதும்.

ஸ்டேஷனரிக் கடையில் நம்பர் அச்சடித்த பில் புத்தகம் மூன்று நான்கு வாங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கற்பனைக் கடைப் பெயர் வைத்து, பள்ளிக்கூடத்துக்குப் பெயிண்ட், பல்பு, சுண்ணாம்பு வாங்கியதாகப் பன்னிரண்டு பில் எழுதுங்கள். ஒன்றில் கூட்டல் தப்பாக இருக்கட்டும். ஒன்றில் ஜூன் 31 என்று தேதி போடுங்கள். ஒரே கடையின் 147ஆம் பில்லுக்கு ஏப்ரல் தேதியும் 148ஆம் பில்லுக்கு ஆகஸ்ட் தேதியும் போடுங்கள். பில்களைக் கலைத்துக் கொடுத்துவிட்டு, "இதில் எதை நம்ப மாட்டீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். கூட்டலை உடனே பிடித்துவிடுவார்கள். தேதியையும் பிடிப்பார்கள். 147, 148க்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதை யார் கண்டுபிடிக்கிறார்களோ அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

அந்த 147, 148 எனக்கு நடந்தது. சி.ஏ. படிப்பில் ஒரு ஆடிட்டரிடம் வேலை பழகும் ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர்ந்த இரண்டாவது மாதம், ஒரு நூற்பாலையில் வவுச்சர் கட்டுகளைப் பிரித்து வைத்துப் பச்சைப் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டிருந்தேன். உதிரிபாகக் கடை ஒன்றின் இரண்டு பில்கள், அடுத்தடுத்த நம்பர்கள், இடையில் நான்கு மாதம். நான்கு மாதமாக ஒரு கடையில் வேறு வியாபாரமே நடக்கவில்லையா? ஓடிப்போய் சீனியரிடம், "திருட்டு சார்" என்றேன். அவர் பில்களை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "நீ பார்த்தது ரெண்டு காகிதம். கேட் ரிஜிஸ்டர் பார்த்தியா? ஸ்டோர்ல இருக்கறவரைக் கேட்டியா?" என்றார்.

கேட் ரிஜிஸ்டரில் இரண்டு தடவையும் பேரிங் உள்ளே வந்த பதிவு இருந்தது, வண்டி நம்பரோடு. ஸ்டோர்காரர் சொன்னார்: "சின்னக் கடை தம்பி. நாங்க மட்டும்தான் பில்லு கேப்போம். மத்தவங்க துண்டுச் சீட்டுல வாங்கிட்டுப் போயிருவாங்க." அந்த இரண்டு பில்லும் சரிதான். ஓடியது தப்பில்லை, கேட்காமல் முடிவு கட்டியதுதான் தப்பு. உங்கள் வகுப்பிலும் 148ஐக் கண்டுபிடித்த பிள்ளையிடம் அடுத்ததாக, "சரி, இப்போது யாரைக் கேட்பாய், எதைப் பார்ப்பாய்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் யோசிக்கிற பிள்ளை ஏற்கெனவே தணிக்கை செய்ய ஆரம்பித்துவிட்டது.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர், கணக்கில் காட்டிய பணத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் உண்மையில் இல்லை என்று தாமே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். வங்கி இருப்பு என்று காட்டிய தொகை வங்கியில் இருக்கிறதா என்று வங்கியையே நேராகக் கேட்டு உறுதி செய்திருந்தால் அது முன்பே வெளியே வந்திருக்கும். கேட் ரிஜிஸ்டரைப் பார்ப்பதும் வங்கியிடம் கேட்பதும் ஒரே வேலைதான். ஆடிட்டர் போடும் கையெழுத்தை நம்பித்தான் முன்பின் தெரியாத ஒருவர் தன் சேமிப்பைக் கொண்டுபோய் ஒரு கம்பெனியில் போடுகிறார். இப்போது அந்தக் கையெழுத்து ஒவ்வொன்றுக்கும் 18 இலக்க எண் உண்டு, அது உண்மைதானா என்று யாரும் இணையத்தில் சரிபார்க்கலாம்.

இதற்குப் பிறகு படிப்பைப் பற்றிச் சொல்லுங்கள். பிளஸ் டூ முடித்து ஃபவுண்டேஷன், நான்கு தாள். அப்புறம் இன்டர், ஆறு தாள், இரண்டு குரூப். பிறகு ஒரு ஆடிட்டரிடம் இரண்டு வருடம் ஆர்ட்டிகிள்ஷிப். அதன்பின் ஃபைனல், அதுவும் ஆறு தாள். ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். பிளஸ் டூவில் எந்தப் பாடப்பிரிவு படித்த பிள்ளையும் சேரலாம். ஆர்ட்டிகிள்ஷிப்புக்குச் சென்னை போக வேண்டியதில்லை, திருநெல்வேலியிலேயே செய்யலாம். உதவித்தொகை குறைவுதான், அதை மறைக்காதீர்கள்.

தேர்ச்சி விகிதத்தையும் மறைக்காதீர்கள். ஃபைனலில் இரண்டு குரூப்பும் சேர்த்து எழுதுபவர்களில் தேறுகிறவர்கள் பல தடவை நூற்றுக்கு இருபதைத் தொடுவதில்லை. நான் இன்டரை மூன்றாவது முறையில் முடித்தவன். முதல் தடவை தோற்ற அன்று, எனக்கு இது வராது என்று நினைத்தேன். யாராவது முன்பே சொல்லியிருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டேன். ஒரு தாளில் 60 வாங்கிவிட்டால் அடுத்த மூன்று முறைக்கு அதை எழுத வேண்டாம் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. பிளஸ் டூ வரை தோற்றே பழகாத பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கூடவே தொலைநிலைக் கல்வியிலாவது ஒரு பி.காம். படிக்கச் சொல்லுங்கள். நடுவில் நிற்க நேர்ந்தாலும் கையில் பட்டமும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடத் தெரிந்த கையும் இருக்கும்.

நான் அதிகம் கவலைப்படுவது மொழியைப் பற்றி. விடையை ஆங்கிலத்தில் எழுதலாம், அல்லது இந்தியில் எழுதலாம். தமிழில் எழுத முடியாது. இது நியாயமில்லை. தமிழில் பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு, அனாமத்துக் கணக்கு என்று இவ்வளவு அழகான சொற்களில் படித்துவிட்டு வரும் பிள்ளை எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. நானும் தமிழ்வழிதான். கணக்குத் தாள் எனக்குப் பயமாக இல்லை, எண்களுக்கு மொழி கிடையாது. சட்டத் தாள்தான் மிரட்டியது. ஒப்பந்தச் சட்டத்தைப் புரிந்துகொண்டிருப்பேன், எழுத வரும்போது வாக்கியம் நின்றுவிடும். தினமும் இரண்டு பிரிவுகளை ஆங்கிலத்தில் பார்த்து எழுதி, புத்தகத்தை மூடி, மறுபடி எழுதினேன். ஆறு மாதத்தில் கை பழகிவிட்டது. உங்கள் பிள்ளைகளுக்கு பிளஸ் ஒன்னிலேயே இதைத் தொடங்குங்கள். சி.ஏ. நிறுவனத்தின் பாடப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, நேரலை வகுப்புகளும் இலவசம். அந்தக் கணக்குப்பதிவியல் பாடத்தை உங்கள் பாடநூலுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரே குறிப்பேட்டுப் பதிவை இரண்டு மொழியிலும் எழுதச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளிடம் ஆர். சிவபோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டு வேலூர் சிறையில் ஒரு வருடம் இருந்தவர். 1933இல் கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறி, இந்தியாவின் முதல் பெண் கணக்காயர் ஆனார். சிறை சென்றவர்கள் கணக்காயராகப் பதிவு செய்யக் கூடாது என்று அரசு தடை போட்டது. வழக்காடி வென்று, 1937இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1955 முதல் 1958 வரை சி.ஏ. நிறுவனத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைவராக இருந்தவரும் அவர்தான்.

அமெரிக்காவின் கணக்காயர் படிப்பான சி.பி.ஏ. பற்றிப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், கைபேசியில் அந்த விளம்பரம்தான் ஓடுகிறது. நல்ல படிப்பு, நான்கு தாள், சென்னையிலேயே எழுதலாம். ஆனால் பட்டம் வேண்டும், கட்டணம் டாலரில். அதை வைத்து இந்தியக் கம்பெனி ஒன்றின் தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போட முடியாது. பி.காம். முடித்த பிறகு யோசிக்கலாம்.

அப்புறம் ஒன்று. பயிற்சிக்கு உங்கள் ஊர் ஆடிட்டரிடம் உண்மையான பில் கேட்காதீர்கள், கொடுக்க மாட்டார். வாடிக்கையாளரின் காகிதத்தை வெளியே காட்டக் கூடாது. ஏன் கொடுக்கவில்லை என்று பிள்ளைகள் கேட்டால் அதையே சொல்லுங்கள். 148ஐ முதலில் கண்டுபிடித்தது யார் என்று எனக்கு எழுதுங்கள். ஆடிட்டர் என்ன செய்வார் என்று கேட்ட பெண்ணாக இருந்தால் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

அன்புடன்.