வெள்ளையா இருக்கிறதெல்லாம் மாவுப்பூச்சி இல்லைங்க!

கேள்வி: செம்பருத்திச் செடியில மாவுப்பூச்சி அப்பிக்கிடக்கு சார். அதுக்கு நடுவுல அதே மாதிரி வெள்ளையா, ஆனா இன்னும் பெருசா சிலது வேகமா ஓடுது. இது வேற ஜாதி மாவுப்பூச்சியா? மருந்து அடிச்சிடலாமா?

பதில்: அய்யய்யோ, அடிச்சிடாதீங்க! நீங்க சொல்ற அடையாளத்தைப் பார்த்தா அது அநேகமா கிரிப்டோலேமஸ்ங்கிற குட்டிப் பொறிவண்டோட புழு. மாவுப்பூச்சியைத் தின்னே வளர்ற ஜென்மம், ஆனா பார்க்க அச்சு அசலா மாவுப்பூச்சியாட்டமே உடம்பு பூரா வெள்ளை மெழுகு நூலைத் தொங்கவிட்டுக்கிட்டு திரியும், அதனாலயே நம்ம ஆளுங்க கையால நசுங்கியும் சாகுது, பாவம்.

ஒரு குச்சியால லேசா சீண்டிப் பாருங்க. மாவுப்பூச்சி அசமந்தம், தண்டுல வாயைச் செருகி சாறு உறிஞ்சிக்கிட்டு கிடக்கும், சட்டுனு நகராது. புழு விறுவிறுன்னு ஓடிடும். மெழுகையும் கவனிங்க, மாவுப்பூச்சிக்கு பெரும்பாலும் ஓரத்துல குட்டையா வரிசையா இருக்கும், புழுவுக்கு நீளமா, சுருண்டு, வாரம் பூரா தலை சீவாத பையன் மாதிரி கலைஞ்சு கிடக்கும். இன்னொரு வேடிக்கை, தாய் வண்டு வெறும் 4 மில்லிமீட்டர்தான், ஆனா புழு மெழுகோட சேர்த்து 13 மில்லிமீட்டர் வரைக்கும் வளரும்!

தாய் வண்டு முட்டை வைக்கிறதே மாவுப்பூச்சியோட முட்டைப் பஞ்சுக்குள்ளதான், பொரிஞ்சு வர்ற புழுவுக்கு சாப்பாடு பக்கத்துலயே ரெடி. சின்னச் சின்ன குஞ்சுப் பூச்சியா கிடைச்சா ஒரே புழு வளர்ந்து முடியறதுக்குள்ள 250 வரைக்கும் காலி பண்ணிடும்.

கேள்வி: பொறிவண்டுன்னா சிவப்புல கறுப்புப் புள்ளி இருக்கணுமே?

பதில்: எல்லாத்துக்கும் இருக்காது. இதுக்கு கருத்த இறக்கை, தலைப்பக்கமும் வால்நுனியும் ஆரஞ்சு, புள்ளியே கிடையாது. சொந்த ஊர் ஆஸ்திரேலியா. 1891-ல ஆல்பர்ட் கோபெலேங்கிற பூச்சியியல்காரர் இதை கலிஃபோர்னியாவுக்குக் கொண்டு போனார். அங்க பல இடத்துல குளிர்காலத்தைத் தாங்கல, அதனால முளைவிட்ட உருளைக்கிழங்குல மாவுப்பூச்சியை வளர்த்து, அதைத் தீனியாப் போட்டு வண்டைப் பெருக்கி திரும்பத் திரும்ப தோட்டத்துல விட்டாங்க. பூச்சியை ஒழிக்க பூச்சியையே வளர்க்கிற கூத்து!

கேள்வி: இந்த வண்டை வாங்கி செடியில விட்டேன், கொஞ்ச நாள்லயே காணோம். ஏமாத்திட்டாங்களா?

பதில்: மொதல்ல எறும்பு இருக்கான்னு பாருங்க, பாதி வில்லங்கம் அதுலதான். மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு அதுக்குக் காவல் நிக்கும், வண்டு கிட்ட வந்தா விரட்டிடும். மெழுகு போர்த்தின புழு கூட்டத்துல கலந்து ஓரளவு தப்பிக்கும், வண்டுக்கு அந்த வசதி இல்லை. அதனால எறும்பு செடியில ஏறுற வழியை அடைச்சிட்டு அப்புறம் வண்டை விடுங்க, அதுவும் வெயில் தாழ்ந்து சாயங்காலமா. முன்னாடி அடிச்ச பூச்சிமருந்து இலையில மிச்சம் இருந்தாலும் வண்டு செத்துடும். ரொம்ப குளிரா இருந்தா சோம்பி உக்காந்துக்கும். இதெல்லாம் இல்லைன்னா தீனி பத்தாம பறந்திருக்கும், கூட்டமா பூச்சி இருக்கிற இடத்துலதான் இது தங்கும். அங்கொண்ணு இங்கொண்ணா இருக்கிறதுக்கு வண்டெல்லாம் எதுக்கு, ஸ்பிரிட்ல நனைச்ச பஞ்சால தொட்டு எடுத்தாலே போதும்.