2012ல பெய்டன் மேனிங்க கோல்ட்ஸ் டீம் கழட்டி விட்டது சரியா, தப்பா?

கேள்வி கேட்டவர் ரெண்டே வரில கேட்டிருக்காரு: அமெரிக்கன் ஃபுட்பால் டீமான இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ்ல 14 வருஷம் இருந்து கப் வாங்கிக் குடுத்த ஒரு குவாட்டர்பேக்கை (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்தற ஆளை) காயம் பட்ட நேரத்துல வெளிய அனுப்பினது நியாயமா, மேனேஜ்மென்ட் மேல உங்களுக்கு கோபம் இல்லையான்னு. கோபம் இருக்கு, நிறையவே இருக்கு. ஆனா நீங்க நினைக்கிற இடத்துல இல்ல.

நேரா சொல்லிடறேன். அனுப்பினது சரி. அப்படி அனுப்ப வேண்டிய நிலைமைக்கு டீமைக் கொண்டு வந்தது தப்பு, அவருக்கு அப்புறம் வந்த பையனையும் அதே மாதிரி அடி வாங்க விட்டது அதைவிடப் பெரிய தப்பு.

நான் வேலைக்காக இண்டியானாபோலிஸ் வந்தது 2004ல. அதுவரைக்கும் ஃபுட்பால்னா எனக்கு கால்ல உதைக்கிறது மட்டும்தான். ஆஃபீஸ்ல பக்கத்து சீட்காரர் ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தாரு, அந்த வருஷம்தான் மேனிங் பந்து எறிஞ்சு 49 டச்டவுன் (நம்ம கோல் மாதிரி) போட்டு ரெக்கார்டு பண்ணின வருஷம், அப்புறம் நான் வேற டீம் பக்கம் எங்க திரும்பிப் பாக்கறது. ஒவ்வொரு தடவையும் பந்து முதல்ல இந்த ஆள் கைக்குத்தான் வரும், ஆனா இவர் பந்து வர்றதுக்கு முன்னாடியே எதிர் டீம் நிக்கிற விதத்தைப் பாத்து, கையக் காட்டி, கத்தி, பெஞ்ச்லேர்ந்து சொல்லி அனுப்பின ஆட்டத் திட்டத்தையே மாத்திடுவாரு. அந்த இருபது செகண்டுக்காகவே நான் டிவி முன்னாடி உக்காருவேன்.

இந்த ஊரு அடிப்படையில பாஸ்கெட்பால் ஊரு. கோல்ட்ஸே 1984ல பால்டிமோர்லேர்ந்து ராத்திரியோட ராத்திரியா லாரில சாமான் ஏத்திக்கிட்டு வந்த டீம். 1998 டிராஃப்ட்ல, அதாவது காலேஜ் ஆளுங்களை டீமுங்க வரிசையா எடுக்கறதுல, மேனேஜர் பில் போலியன் முதல் ஆளா மேனிங்க எடுத்தார், முதல் வருஷம் 3 ஜெயிப்பு 13 தோல்வி, அதுக்கப்புறம் ஊரே மாறிப்போச்சு. 2003லேர்ந்து 2009 வரைக்கும் 7 சீசன் விடாம 12 மேட்சுக்குக் குறையாம ஜெயிச்சாங்க. 2007 ஜனவரில பேட்ரியட்ஸ் கூட 21-3னு பின்னாடி இருந்து 38-34ல ஜெயிச்ச அந்த ராத்திரி பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் அந்தக் குளிர்ல ரோட்டுல வந்து நின்னு கத்தினாங்க, ரெண்டு வாரம் கழிச்சு மயாமி மழையில பேர்ஸை 29-17னு அடிச்சு லீக்கோட ஃபைனலான சூப்பர் பவுல் கப். 2008ல தொறந்த லூக்கஸ் ஆயில் ஸ்டேடியத்தை இங்க பலரும் பெய்டன் கட்டின வீடுன்னுதான் சொல்லுவாங்க. குழந்தைங்க ஆஸ்பத்திரி ஒண்ணுக்கே அவர் பேரு இருக்கு. அந்த அளவுக்கு ஊரோட ஒட்டின மனுஷன்.

இப்ப மேனேஜ்மென்ட் கதைக்கு வரேன். 2009 டிசம்பர் 27, ஜெட்ஸ் கூட மேட்ச், நான் ஸ்டேடியத்துல இருந்தேன். சீசன்ல 14 மேட்ச் 14 ஜெயிப்பு, போன வருஷத்தோட சேத்தா, பிளேஆஃபைக் கணக்குல எடுக்காம, 23 மேட்ச் தொடர்ச்சியா ஜெயிச்சிருக்காங்க, லீக்ல யாரும் பண்ணாதது. இன்னும் ரெண்டு ஜெயிச்சா சீசன் முழுக்க தோக்காத டீம். மூணாவது குவார்ட்டர்ல 15-10னு முன்னாடி இருக்கோம். அப்ப மேனிங்கையும் மத்த முக்கியமான ஆளுங்களையும் வெளிய கூப்பிட்டு உக்கார வெச்சுட்டாங்க, பிளேஆஃபுக்கு முன்னாடி காயம் படக் கூடாதுன்னு. உள்ள வந்தது கர்டிஸ் பெயின்டர், ஆறாவது ரவுண்டுல எடுத்த புதுப் பையன். வந்த கொஞ்ச நேரத்துல பந்தைக் கோட்டை விட்டான், ஜெட்ஸ்காரன் எடுத்து டச்டவுன். கடைசில 29-15 தோல்வி. சொந்த டீமைப் பாத்து சொந்த ஸ்டேடியமே ஊளையிட்டதை அன்னிக்குத்தான் முதல் தடவை கேட்டேன். மேனிங் ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டே சைட்லைன்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு, அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கல.

எல்லாரும் அன்னிக்கு போன ரெக்கார்டைப் பத்திதான் பேசினாங்க. என் கவலை வேற. அந்த ஒரு மாத்தத்துல டீமோட உண்மையான நிலைமை பளிச்சுன்னு தெரிஞ்சுபோச்சு, இந்த ஒரு ஆளை எடுத்துட்டா பின்னாடி ஒண்ணுமே இல்லன்னு. அது எங்க எல்லாருக்கும் தெரிஞ்சுது, மேனேஜ்மென்ட் மட்டும் அதைப் பாத்துட்டும் ரெண்டு வருஷம் அப்படியே விட்டாங்க. ஆபத்துக்கு நல்ல பேக்கப் இல்ல. குவாட்டர்பேக்கை அடி படாம காக்கற லைன்ல ஆள் சேக்க 2007லயே ஒரு முயற்சி பண்ணாங்க, அடுத்த வருஷ டிராஃப்ட்ல முதல் ரவுண்டுல ஆள் எடுக்கற உரிமையை (பிக்கை) தூக்கிக் குடுத்து டோனி ஊகோன்னு ஒருத்தரை எடுத்தாங்க, அது சரியா வரல, 2010ல அவரையும் விட்டாச்சு. எந்த ஓட்டையா இருந்தாலும் மேனிங் அடைச்சிடுவாரு, சீக்கிரமா பந்தை விட்டுடுவாரு, அதனால லைன் மோசம்னு தெரியவே தெரியாது, பத்து ஜெயிப்பு வந்துடும். 2010ல அப்படித்தான் 10-6 போனாங்க. அதனால நல்ல குவாட்டர்பேக் இருக்கற டீம்ல மேனேஜர் நிஜமாவே நல்லா வேலை செய்யறாரான்னு கண்டுபிடிக்கறது ரொம்பக் கஷ்டம்.

2011ல அது உடைஞ்சுது. கழுத்துல ஆபரேஷன் மேல ஆபரேஷன், செப்டம்பர்ல எலும்பை இணைக்கிற பெரிய ஆபரேஷன், சீசன் முழுக்க இல்லன்னு ஆயிடுச்சு. இத்தனைக்கும் அந்த ஜூலைலதான் 5 வருஷத்துக்கு 90 மில்லியன் டாலர் கான்ட்ராக்ட் போட்டிருந்தாங்க. ஆகஸ்ட் கடைசில அவசர அவசரமா, ரிட்டயர்டு ஆயிட்டேன்னு சொல்லிட்டு வீட்ல இருந்த குவாட்டர்பேக் கெர்ரி காலின்ஸைக் கூட்டிட்டு வந்தாங்க. ஒரு மேட்ச்ல செயின்ட்ஸ் 62-7னு அடிச்சாங்க, அன்னிக்கு நான் பாதில டிவியை அமத்திட்டுப் போய் வாசல்ல உக்காந்துட்டேன். முதல் 13 மேட்ச் வரிசையா தோல்வி, கடைசில 2-14. டிசம்பர் 2009ல கண்ணு முன்னாடி காட்டினதுதான் இது, யாரும் அதிர்ச்சி ஆகியிருக்கக் கூடாது. ஜனவரில போலியனையும் கோச் ஜிம் கால்ட்வெல்லையும் ஓனர் ஜிம் இர்சே அனுப்பினார். போலியன்தான் மேனிங்கை எங்களுக்குக் கொண்டு வந்தவர், அந்த நன்றி எனக்கு எப்பவும் உண்டு, ஆனா கடைசி நாலஞ்சு வருஷத்துக்கு அவர் பதில் சொல்லித்தான் ஆகணும்.

அந்த பிப்ரவரி சூப்பர் பவுல் எங்க ஊர்லயே நடந்தது. அண்ணனோட மைதானத்துல தம்பி ஈலை மேனிங் கப்பைத் தூக்கினார், அண்ணன் மேல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தார். டவுன்டவுன் முழுக்க ஜனம், எல்லார் வாயிலயும் பெய்டன் என்ன ஆவார்ங்கற ஒரே பேச்சு.

மார்ச் 8 வரைக்கும் அவரை வெச்சிருந்தா 28 மில்லியன் டாலர் போனஸ் குடுத்தாகணும். அவருக்கு அந்த மாசம் 36 வயசு முடியுது. எறியற கைக்கு நரம்புல பலம் திரும்புமான்னு எந்த டாக்டராலயும் உறுதியா சொல்ல முடியல. டீம் முழுக்க வயசான ஆளுங்க, சம்பளக் கணக்கும் கழுத்தை நெரிக்குது, கையில டிராஃப்ட்டோட முதல் பிக், எதிர்ல காலேஜ்லேர்ந்து வர்ற குவாட்டர்பேக் ஆண்ட்ரூ லக். மார்ச் 7ம் தேதி இர்சேவும் மேனிங்கும் பக்கத்துல பக்கத்துல நின்னு பிரிவை அறிவிச்சாங்க, ரெண்டு பேர் குரலும் உடைஞ்சுது, நான் ஆஃபீஸ்ல கம்ப்யூட்டர்ல பாத்துக்கிட்டு கண்ணு கலங்கிட்டேன், பக்கத்து சீட்காரரும் அதே நிலைமைலதான் இருந்தாரு. ரெண்டு நாள்ல டாலஸ் கிளார்க், ஜோசப் அடாய், கேரி பிராக்கெட்னு பழைய ஆளுங்களையும் அனுப்பிட்டாங்க. வலிச்சுது. ஆனா கணக்கு சரி.

இங்க ஒரு நல்ல எதிர்வாதம் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா நான் நேர்மையா பேசினதா ஆகாது. அதே டிராஃப்ட்ல ரெண்டாவது பிக்குக்கே வாஷிங்டன் மூணு முதல் ரவுண்டு பிக்கும் ஒரு ரெண்டாவது ரவுண்டு பிக்கும் குடுத்தாங்க. அப்ப முதல் பிக்கை வித்திருந்தா எவ்வளவு வந்திருக்கும், அந்த ஆளுங்களை வெச்சு மேனிங்கைச் சுத்தி புது டீமே கட்டியிருக்கலாமே? டென்வர் போய் 2013ல 55 டச்டவுன் 5,477 யார்டுன்னு ரெக்கார்டே போட்டாரே? போட்டார்தான். ஆனா அந்த வருஷ சூப்பர் பவுல்ல சியாட்டில் கிட்ட 43-8னு அடி வாங்கினாங்க. டென்வர் மேனேஜ்மென்ட்ல இருந்த ஜான் எல்வே அதுக்கப்புறம் என்ன பண்ணார்னு பாருங்க, தானே ஒரு பெரிய குவாட்டர்பேக்கா இருந்தவர், குவாட்டர்பேக்கை மட்டும் நம்பி உக்காரல. ஒரே மாசத்துல டிமார்கஸ் வேர், ஆகிப் டாலிப், டி.ஜே. வார்டுன்னு டிஃபென்ஸுக்கு மூணு பேரைத் தூக்கினார். 2015 சீசன்ல மேனிங் போட்டது 9 டச்டவுன், எதிராளி கையில குடுத்தது 17 பந்து, அப்படியும் வான் மில்லரும் அந்த டிஃபென்ஸும் சூப்பர் பவுல் 50ஐ 24-10ல வாங்கிக் குடுத்தாங்க. எங்க கோல்ட்ஸ் 2012ல இதைப் பண்ணியிருப்பாங்களான்னு கேட்டா, அதுக்கு அடுத்த ஆறு வருஷம் அவங்க நடந்துக்கிட்டதைப் பாத்து சொல்றேன், பண்ணியிருக்க மாட்டாங்க. மேனிங் இங்க இருந்திருந்தா ஒரே கப்போட முடிச்சிருப்பார்.

அந்த ஆறு வருஷம்தான் என் உண்மையான ஆத்திரம். புது மேனேஜர் ரயன் கிரிக்சன், புது கோச் சக் பகானோ. லக் வந்தவுடனே மூணு வருஷமும் 11-5. முதல் வருஷம் பகானோ ரத்தப் புற்றுநோயோட ஆஸ்பத்திரில இருந்தப்ப கூட டீம் விடல. கான்சாஸ் சிட்டி கூட பிளேஆஃப்ல 38-10னு பின்னாடி இருந்து 45-44 ஜெயிச்சதை எல்லாம் என் பேரப் பசங்களுக்கும் சொல்லுவேன். அதே பழைய கதை திரும்ப ஆரம்பிச்சுது, பையன் ஓட்டையை அடைக்கிறான், மேல இருக்கவங்க எல்லாம் நல்லா இருக்குன்னு நம்பறாங்க. முதல் வருஷமே 41 தடவை அவனைத் தரையில சாய்ச்சிருக்காங்க. அதைப் பாத்துட்டு லைனுக்கு ஆள் எடுக்கறதை விட்டுட்டு, 2013ல ஒரு முதல் ரவுண்டு பிக்கைக் குடுத்து பந்தோட ஓடற ட்ரென்ட் ரிச்சர்ட்சனை வாங்கினாங்க, அவர் ஓட்டத்துக்கு சராசரியா மூணு யார்டுதான் ஓடினார். 2015ல முதல் ரவுண்டுல, பந்தைப் பிடிக்கற ரிசீவர். அந்த வருஷம் லக்குக்கு தோள்பட்டை போச்சு, சிறுநீரகமே கிழிஞ்சுது. 2016ல முதல் ரவுண்டுல லைன்ல ஆடற சென்டர் ரயன் கெல்லியை எடுத்தாங்க, நல்ல பிக், ரொம்ப லேட். அந்த வருஷமும் 41 சாக், அதாவது 41 தடவை தரையில சாய்ச்சாங்க. 2017 முழுக்க லக் ஆடவே முடியல.

கிரிக்சன் போய் கிறிஸ் பாலர்ட் வந்து 2018ல லைனுக்கு குவென்டன் நெல்சனை எடுத்தப்புறம் சீசன் முழுக்க டீம் விட்டது 18 சாக்தான், லீக்லயே கம்மி. பண்ண முடியாத விஷயம் இல்லங்க இது, ஆறு வருஷம் யாரும் பண்ணல, அவ்வளவுதான். அந்த ஆறு வருஷ அடி உடம்புல தங்கிடுச்சு.

2019 ஆகஸ்ட் 24, பேர்ஸ் கூட ப்ரீ சீசன் மேட்ச். டிக்கெட் விலை கம்மின்னு பையனைக் கூட்டிட்டுப் போயிருந்தேன், 12ம் நம்பர் ஜெர்சி போட்டிருந்தான், ஒன்பது வயசு. மேட்ச் நடந்துக்கிட்டு இருக்கும்போதே எல்லார் ஃபோன்லயும் நியூஸ் வந்துடுச்சு, லக் ரிட்டயர்டு ஆகறான்னு. 29 வயசு. மேட்ச் முடிஞ்சு அவன் உள்ள நடந்து போகும்போது சுத்தி இருந்தவங்க ஊளையிட்டாங்க. பையன் என் கையப் புடிச்சு "ஏம்ப்பா லக்கைத் திட்டறாங்க, அவருக்குத்தானே வலிக்குது"ன்னான். நான் பதில் சொல்லல. 2009ல அதே இடத்துல ஊளையிட்டது நியாயம், அது முடிவு எடுத்தவங்களைப் பாத்து. இது அடி வாங்கினவனைப் பாத்து. அன்னிக்கு எங்க ஊரு பண்ணினது எனக்கு இன்னும் அவமானமா இருக்கு. டீம் நினைச்சிருந்தா அவன் கிட்டேர்ந்து 20 மில்லியனுக்கு மேல திருப்பிக் கேட்டிருக்கலாம், கேக்கல, இர்சேவுக்கு அந்த மரியாதை தெரிஞ்சிருந்தது. அவர் 2025ல இறந்துட்டார், அவர் மேல எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் ரெண்டு பேரையும் அவர் கௌரவமாத்தான் அனுப்பி வெச்சார்.

அதுக்கப்புறம் வருஷம் ஒரு குவாட்டர்பேக். பிரிசெட், ரிவர்ஸ், வென்ட்ஸ், மேட் ரயன், ஆந்தனி ரிச்சர்ட்சன். வென்ட்ஸுக்கு முதல் ரவுண்டு பிக் குடுத்து, கடைசி மேட்ச்ல லீக்லயே மோசமான ஜாக்சன்வில் கிட்ட தோத்து பிளேஆஃபைக் கோட்டை விட்டதைப் பத்தி தனியா எழுதணும், இங்க வேணாம்.

அதனால கேட்டவருக்கு என் பதில், மேனிங் போனதுக்காக நான் மேனேஜ்மென்ட்டைத் திட்ட மாட்டேன். 2013 அக்டோபர்ல அவர் டென்வர் ஜெர்சில எங்க ஊருக்கு ஆட வந்தப்ப ஸ்டேடியமே எழுந்து நின்னு கை தட்டுச்சு, நானும் நின்னேன், அப்புறம் 39-33னு அவரையே ஜெயிச்சோம், ரெண்டுமே மனசார பண்ணினதுதான். இன்னிக்கு ஸ்டேடியம் வாசல்ல அவர் சிலை இருக்கு. லக் விஷயத்துல யாராவது "பையனுக்கு தைரியம் பத்தல"ன்னு சொன்னா மட்டும் என்கிட்ட வாங்க, 2012லேர்ந்து 2016 வரைக்கும் ஒவ்வொரு மேட்ச் டேப்பையும் உங்களோட உக்காந்து பாக்க நான் ரெடி.