வெளிநாட்டு வேலை: மலேசியா, சுங்கை சிப்புட் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அண்ணே, சிங்கப்பூரில் நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி, அந்த எஸ் பாஸுக்குத் தேவையான குறைந்தபட்சச் சம்பளத்தை ஏற்றிவிட்டார்களாமே? என் தம்பி இப்போதுதான் டிப்ளோமா முடித்தான்.

பதில்: ஆமாம், 2025 செப்டம்பரிலிருந்து புது விண்ணப்பத்துக்குக் குறைந்தது 3,300 சிங்கப்பூர் வெள்ளி, வயது கூடினால் இதுவும் கூடும். புதுப் பையனுக்கு அவ்வளவு கொடுக்க முதலாளி யோசிப்பான், அனுபவம் உள்ளவனை எடுத்துக்கொள்வான். தம்பிக்கு வொர்க் பெர்மிட், அதாவது அதற்கும் கீழ்நிலை வேலைக்கான அனுமதி வழி இருக்கிறது, ஆனால் டிப்ளோமாவை மடித்து வைத்துவிட்டுப் போக மனசு வருமா, அவனையே கேளுங்கள்.

கேள்வி: டூரிஸ்ட் விசாவில் ஆஸ்திரேலியா போய்ப் பழம் பறிக்கலாம் என்கிறார் ஏஜெண்டு.

பதில்: போகாதே தம்பி. அது வேலை விசா இல்லை.

கேள்வி: ஐயா, என் மகள் நர்சிங் ஹோமில் இருக்கிறாள். பிரிட்டனுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போகலாமா? ஒரு குழந்தை உண்டு.

பதில்: கதவு மூடியாச்சும்மா. 2024 மார்ச்சில் பிள்ளை, புருஷனை அழைத்துப்போக முடியாது என்றார்கள், அப்போதே தாய்மார்களுக்குப் பாதை அடைபட்டது, பிள்ளையைப் பாட்டியிடம் விடத் துணிந்தவர்களும் கல்யாணமாகாதவர்களும்தான் மிச்சம். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

கேள்வி: சட்டமெல்லாம் சும்மா அண்ணே, போகிறவன் எப்படியும் போவான்.

பதில்: போவான், ஆனால் யார் போவான்? நம் கதையையே பார். 1938-ல் தோட்டக் கூலியைக் குறைத்ததும், உதவிப் பயணத்தில், அதாவது பிறர் பயணச் செலவு கொடுத்துக் கூலியாட்கள் மலாயா வருவதை இந்திய அரசாங்கம் தடுத்தது. சொந்தக் காசில் டிக்கெட் எடுக்க முடிந்தவன் வந்துகொண்டுதான் இருந்தான், தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு ஆள் வரத்து நின்றது. சீனர் பக்கம் இன்னும் வேடிக்கை: 1930-களில் ஆண்களுக்குத்தான் முதலில் கோட்டா, அதாவது இத்தனை பேர்தான் வரலாம் என்ற வரம்பு, பெண்களுக்கு 1938 வரை இல்லை. கப்பல் கப்பலாகப் பெண்கள் வந்தார்கள், ஈயச் சுரங்கத்திலும் ரப்பர் தோட்டத்திலும் வேலை செய்தார்கள்.

கேள்வி: புருஷன் கூப்பிட்டு வந்தவர்கள்தானே அவர்கள்? கோட்டாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: அப்படி வந்தவர்களும் உண்டு, யார் இல்லை என்றது? ஆனால் தனியாக, சம்பாதிக்கவே வந்த தென்சீனத்துக் கன்டோனீஸ் பெண்கள் எத்தனை பேர்! கோட்டாவால் ஆண்களுக்கான கப்பல் டிக்கெட் கிடைப்பது அரிதானதும், அது வேண்டுமென்றால் பெண்கள் டிக்கெட்டையும் சேர்த்து வாங்கு என்று விற்றார்கள், வாங்கியவன் அதற்கு ஆள் தேடி ஊர் ஊராகப் போனான். சம்பந்தம் இதுதான்.

கேள்வி: டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்தானே?

பதில்: மேலே படிக்கவில்லையா? இதையே இன்னொருவர் கேட்டால் பதில் கிடையாது.

கேள்வி: வெளிநாட்டு வேலைக்குப் போனால் ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுக்கலாமா?

பதில்: வேலைக்குப் போவதால் முடியாது, குடியுரிமையைத் துறந்து நாட்டை விட்டே போனால்தான். மற்றதை ஈபிஎஃப் கவுண்டரில் கேளுங்கள்.