எட்டாம் வகுப்பைத் தாண்டாத பையன்

கேள்வி: சென்னையில் பி.எட். முதலாண்டு படிக்கிறேன், கணிதப் பிரிவு. வகுப்பில் மானிடவியல் பற்றிப் பேசிவிட்டு, பயிற்சிப் பள்ளியில் ஒரு மாணவரைப் பற்றித் தனியாள் ஆய்வு எழுதச் சொல்கிறார்கள். ஜெராக்ஸ் கடையில் எழுதி முடித்த ரெக்கார்டே கிடைக்கிறது. கணக்கு ஆசிரியைக்கு மானிடவியல் எதற்கு?

பதில்: கணக்குக்காகத்தான். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தில் கூடை விலையை மனத்துக்குள்ளேயே கூட்டிக் கழிக்கும் பையன், பத்து மணிக்குக் கரும்பலகை முன் திருதிருவென்று விழிப்பான். ‘மந்தம்’ என்று எழுதிவிடலாம். அவன் இடத்துக்கே போய், அவன் எப்படிக் கணக்குப் போடுகிறான் என்று பார்த்துவிட்டும் எழுதலாம். இரண்டாவதுதான் மானிடவியல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறக்கும் ஜூனில் அந்த வீட்டில் காசு புரளாது. நோட்டு வாங்காமல் வருவது அலட்சியமா?

கடை ரெக்கார்டுகளை நிறையத் திருத்தியிருக்கிறேன். குடிகாரத் தந்தை, வீட்டுவேலை செய்யும் தாய், கணக்கு வராத மகன். பெயர் மட்டும் மாறும். பையன் பத்தாண்டுகளாக அதே எட்டாம் வகுப்பில் இருக்கிறான். வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள் என்று பயமுறுத்த மாட்டேன். மாட்டுவதில்லை, அதுதான் எரிச்சல். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (NCTE) 2014 விதிமுறைகள் பி.எட்.டை இரண்டாண்டாக்கி, களப்பணிக்கு 20 வாரம் ஒதுக்கின. அந்த வாரங்களில் பாதி, வராத ஆசிரியரின் வகுப்பைக் கட்டி மேய்ப்பதிலேயே போகிறது.

இன்னொரு பள்ளம் சாதி. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தவர். சாதிவாரியாக எழுதி 1909இல் 7 தொகுதிகள் வெளியிட்டார். நீங்கள் அந்த வேலைக்குப் போகவில்லை. ‘இன்னாருடைய பிள்ளைகள் இப்படித்தான்’ என்ற வாக்கியம் ரெக்கார்டில் வரவே கூடாது.

ஒரே ஒரு விலக்கு. செங்கல் சூளையில் வேலைசெய்யும் இருளர் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் இல்லையென்றால் உதவித்தொகை சிக்கலாகும். அப்போது கேளுங்கள், பெற்றோரிடம் மட்டும், தனியாக. மற்ற பிள்ளைகள் முன்னால் வேண்டாம். பழங்குடியினர் சான்றிதழைத் தருபவர் தாசில்தார் அல்லர், கோட்டாட்சியர். அதைக்கூடச் சொல்லாமல் அந்தப் பெற்றோரை மேசை மேசையாக அலையவிடுவார்கள். கூலி போவது அவர்களுக்குத்தானே! விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். கேட்டதை ரெக்கார்டில் ஏற்றாதீர்கள்.

மற்றபடி, தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, வீட்டாருக்குத் தோதான நேரத்தில் இரண்டு மூன்று முறை போய் வாருங்கள். பிள்ளையின் உண்மைப் பெயர் வேண்டாம். வலப்பக்கம் கண்டதை எழுதுங்கள், இடப்பக்கம் நினைத்ததை. அட்டை போட மறந்துவிடாதீர்கள். முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.