சாய்வையும் உயரத்தையும் காட்டும் கருவிகள் முன்னால் இருக்கும்போது, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத விமானி மங்கலான வானிலையில் புறப்படுவதில் அப்படி என்ன ஆபத்து?

கருவியைப் படிக்கத் தெரிவது வேறு; உடல் சொல்வதை மறுத்து அதை நம்பப் பழகியிருப்பது வேறு. உட்காதின் அரைவட்டக் குழல்களிலுள்ள திரவம், விமானம் திரும்பத் தொடங்குவதை உணர்த்தினாலும், திருப்பம் ஒரே சீராகத் தொடர்ந்தால் சில நொடிகளில் குழலோடு சேர்ந்தே நகரத் தொடங்கிவிடுவதால், நேராகப் பறக்கிறோம் என்றே தோன்றும். அடிவானம் தெரிந்தால் கண் அதைத் திருத்திவிடும். தெரியாதபோது, சாய்ந்த விமானம் உயரம் இழப்பதை மட்டும் கவனிக்கும் விமானி, சாய்வை நிமிர்த்தாமல் மூக்கை உயர்த்தப் பார்ப்பார்; அதனால் திருப்பம் இறுகி, விமானம் சுழன்றபடி இன்னும் வேகமாக இறங்கும். புறப்படும்போது வேகம் கூடுவதே மூக்கு மேலெழுவதுபோன்ற மயக்கத்தைத் தருவதால், தரைக்கு அருகிலேயே மூக்கைத் தாழ்த்திவிடும் அபாயமும் உண்டு.

1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகம் கருவி அனுபவமில்லாத 20 பேரை வெளிக்காட்சி தெரியாமல் பறக்கச் செய்தபோது, 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 நொடிகளில்.

அமெரிக்கப் பாடகர் பட்டி ஹாலி உட்பட நால்வர் இறந்த விமான விபத்து, 1959 பிப்ரவரி 3 அன்று நள்ளிரவுக்குப் பின் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்தது. மேசன் சிட்டியிலிருந்து புறப்பட்ட அந்தப் பீச்கிராஃப்ட் பொனான்சா வகைச் சிறு விமானத்தின் 21 வயது விமானி, கருவிப் பறத்தலின் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தும் பறக்கும் தேர்வில் தேறாதவர். புறப்பட்டபோது லேசான பனி பெய்தது. பார்வைத் தூரமோ 6 மைல். இந்த எண்தான் ஏமாற்றுகிறது என்பேன், ஏனெனில் நிலவொளியோ நட்சத்திரமோ இல்லாத இரவில், விளக்குகள் அரிதான விளைநிலங்களின் மேல் பறப்பவருக்கு, 6 மைல் தெரிந்தாலும் அடிவானம் தெரியாது. சில நிமிடங்களில், விமான நிலையத்திலிருந்து 6 மைலுக்குள்ளாகவே, வலப்புறம் செங்குத்தாகச் சாய்ந்த நிலையில் விமானம் வயலில் மோதியது.

வானிலை எச்சரிக்கைகள் விமானியிடம் சொல்லப்படாததையும், விமானத்தின் சாய்வுகாட்டி அவர் பழகியவற்றுக்கு நேர்மாறாக மூக்கின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வகையைச் சேர்ந்தது என்பதையும் விசாரணை அறிக்கை துணைக் காரணங்களாகக் குறிப்பிட்டது. ஆனால், கருவிகளை மட்டுமே நம்ப வேண்டிய பயணத்தைத் தகுதியின்றித் தொடங்கிய முடிவையே அது முதன்மைக் காரணமாக வைத்தது. அது சரியான தீர்ப்பு என்றே நானும் கருதுகிறேன்.