சீனாவின் பிங்யாவ் பழைய நகரத்தில் ஓர் இரவு தங்கிப் பார்க்கும் அளவுக்கு என்ன இருக்கிறது?

பெய்ஜிங்கிலிருந்து சியான் போகும் வழியில் பிங்யாவில் இறங்கலாமா, இறங்கினால் பகலிலேயே பார்த்து முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக இறங்குங்கள், ஆனால் இரவு தங்காமல் கிளம்பாதீர்கள். பகலில் தெற்குத் தெரு வெறும் கடைத்தெருதான். வினிகர், மாட்டிறைச்சிப் பொட்டலம், அரக்குப் பெட்டி என்று வரிசையாக விற்பார்கள். வழிகாட்டிகளின் ஒலிபெருக்கிச் சத்தத்தில் எதையும் நின்று நிதானமாகப் பார்க்க முடியாது.

தங்கச் சொல்வதற்கு முதல் காரணம் 'யோ ஜியன் பிங்யாவ்' நிகழ்ச்சி. வாங் சாவ்கே என்ற பெண் இயக்குநர் உருவாக்கியது, 2013 முதல் நடக்கிறது. அரங்கம் கோட்டைச் சுவருக்கு வெளியே. பெரும்பகுதியை நடந்தும் நின்றும்தான் பார்க்க வேண்டும், அதனால் வசதியான செருப்பு அவசியம். கதை சிங் வம்சக் காலத்தின் கடைசியில் நடக்கிறது. ரஷ்யாவில் இறந்துபோன கிளை மேலாளரின் ஒரே வாரிசை மீட்க, உண்டியல் கடை (பணம் அனுப்பும் சீட்டு எழுதித் தரும் கடை) முதலாளி சொத்தையெல்லாம் அடகு வைத்து 232 காவல் வீரர்களோடு கிளம்புகிறார். பிள்ளை ஊர் வந்து சேர்கிறது. போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. புறப்படும் முன் வீரர்களைக் குளிப்பாட்டி அனுப்பும் காட்சியில் நடிகர்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார்கள். எல்லாம் சீன மொழியில்தான், ஆனால் கதை தெரிந்தால் போதும், புரிந்துவிடும்.

அந்த உண்டியல் கடை உலகம் நிஜமாகவே இங்கே இருந்ததுதான். ரிஷெங்சாங் என்ற சாயக்கடை 1823இல் பணம் அனுப்பும் நிறுவனமாக மாறி, 1914இல் நொடித்துப்போனது. அந்தக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். அவர்களுடைய ரகசியக் குறியீட்டைத் தேடிப் பாருங்கள். 'போலி உண்டியல் குறித்து எச்சரிக்கையாக இரு, எழுத்தையும் முத்திரையையும் கவனித்துப் பார்க்க மறக்காதே' என்ற பொருளில் 12 சீன எழுத்துகள், மாதத்துக்கு ஒன்று. ஆறாம் மாதம் என்றால் உண்டியல் சீட்டில் ஆறாவது எழுத்தை எழுதுவார்கள். தேதிக்கும் தொகைக்கும் வேறு வேறு வரிகள். பழைய வரி வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று அவ்வப்போது மாற்றியும் விடுவார்களாம். கெட்டிக்காரர்கள்!

குழந்தைகள் கூட வந்தால் பழைய மாவட்ட நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போங்கள், அந்தக் கால விசாரணையை நடித்துக் காட்டுகிறார்கள். அப்புறம், 1370இல் கட்டிய கோட்டைச் சுவர். சுற்றளவு சுமார் 6 கிலோமீட்டர். முழுதும் நடக்க வேண்டியதில்லை, சாயங்காலம் கொஞ்ச தூரம் போதும்.

பலர் தவறவிடுவது ஷுவாங்லின் கோயிலை. நகரத்திலிருந்து 6 கிலோமீட்டர்தான், டாக்சியில் போய் வந்துவிடலாம். வண்ணம் பூசிய மண் சிலைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. காவல் தெய்வமான வெய்த்துவோ உடம்பை முறுக்கி நிற்கிற நிலைக்கு முன்னால் கொஞ்ச நேரமாவது நில்லுங்கள். என்னைக் கேட்டால் பிங்யாவில் இதுதான் முதல் இடம். ஆனாலும் கூட்டம் குறைவு.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். ஓட்ஸ் மாவை மெல்லிய சுருளாக்கித் தேன்கூடு மாதிரி நிறுத்தி ஆவியில் வேகவைத்துத் தருவார்கள். சைவர்கள் தக்காளிக் குழம்போடு கேட்டு வாங்கலாம். தங்குவதற்கு மதிலுக்குள்ளேயே முற்றம் வைத்த பழைய வீட்டு விடுதி பாருங்கள். செங்கல் மேடைப் படுக்கை கொஞ்சம் கெட்டி, பரவாயில்லை.

செப்டம்பரில் போனால் 2001 முதல் நடக்கும் புகைப்பட விழாவைப் பார்க்கலாம். இயக்குநர் ஜியா ஜாங்கே 2017இல் தொடங்கிய திரைப்பட விழா பழைய டீசல் இன்ஜின் தொழிற்சாலையில் நடக்கிறது. அக்டோபர் முதல் வாரம் மட்டும் வேண்டாம், சீனா முழுக்க விடுமுறை. அறை கிடைப்பதே கஷ்டம்.