தவறிய மறுநாள் ஜெபிக்கக் கூசுகிறது என்று எழுதிய நண்பருக்கு

யூத வாழ்க்கை முறையைக் கடைப்பிடித்தும், இரவில் தனியாகக் கைப்பேசியில் ஆபாசம் பார்த்துவிடுகிறேன், வெளியே சொல்ல வெட்கம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வெட்கத்தைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

யூத மறைநூலான தல்மூதின் கித்துஷீன் பகுதியில் பக்திமான் அம்ராமின் கதை வருகிறது. சிறையிலிருந்து மீட்கப்பட்ட பெண்களை பாபிலோனிய ஊரான நெஹர்தெயாவில் அவர் வீட்டு மாடியில் தங்கவைத்து, ஏணியை அகற்றிவிட்டார்கள். பத்துப் பேராலும் தூக்க முடியாத அந்த ஏணியை, இச்சை மேலிட்டு, அவர் ஒருவரே தூக்கிச் சாத்தி ஏறினார். பாதியில் காலை ஊன்றி நின்று, “அம்ராம் வீட்டில் தீ!” என்று கத்தினார். அறிஞர்கள் ஓடிவந்தார்கள். எங்களை வெட்கப்பட வைத்துவிட்டீரே என்றார்கள். மறுமையில் வெட்கப்படுவதைவிட இங்கேயே வெட்கப்படுவது மேல் என்றார் அம்ராம்.

பக்திமான் என்று பெயர் எடுத்தவரே துணைக்கு ஆள் கூப்பிட்டிருக்கிறார். நீங்களும் உங்கள் ரபியிடமோ (யூத மதகுரு) நம்பகமான நண்பரிடமோ சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் கூப்பிட ஒருவர் வேண்டும். கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்துவிட்டு ஷெமா ஜெபத்தைச் சொல்லிப் படுங்கள்.

அப்புறம், தவறினாலும் காலை ஜெபத்தை விடாதீர்கள். ‘நீர் தந்த ஆன்மா தூயது’ என்ற வரி தினமும் அதில் வருகிறது, தவறிய மறுநாளும்தான்.